உடைந்த சில்லும் தொலைந்த சீட்டும்

நமது சங்கத்துக் குடும்பங்களில் இன்று கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. ஒலவக்கோட்டிலோ சித்தூரிலோ உத்தியோகம், மூணாற்றுப் பக்கம் பெண் எடுத்த இடம், உடுமலைப்பேட்டைக்கு அருகே குலதெய்வம் என்று மூன்று திசையிலும் பிரிந்து கிடக்கும் வாழ்க்கைக்கு, பழைய விலைக்கு வாங்கிய ஒரு சிறு கார் பெருந்துணையாய் இருக்கிறது. அந்தத் துணையின் கதவுக் கண்ணாடி ஒரு நாள் உடைபட்டால் செய்ய வேண்டுவன யாவை, செய்யக் கூடாதன யாவை என்பதை நாம் சென்ற மே மாதத்தில் கற்றுக்கொண்டோம். செய்யக் கூடாதவற்றையெல்லாம் முதலில் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்பதே பொருத்தம்.

பாலக்காட்டிலிருந்து மூணாற்றுக்குப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகச் செல்லும் பாதை அன்பர்கள் பலருக்கும் பழகியதே. இப்பாதையில் மாநில எல்லையை இருமுறை கடக்கிறோம். கோபாலபுரத்தில் கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டில் நுழைகிறோம்; சின்னாற்றில் மீண்டும் கேரளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வழியே மைத்துனர் வீட்டுக்குப் புறப்பட்டோம். மறையூரைக் கடந்து மலையேறுகையில், தேயிலைச் சரிவுகள் தெரியும் ஒரு வளைவில் காரை நிறுத்திவிட்டுக் குழந்தைகளுடன் தேநீர் பருகச் சென்றோம். கால் மணி நேரத்துக்கு மேல் இராது. திரும்பி வந்தபோது இடப்பக்கத்துப் பின் கதவில் கண்ணாடி இல்லை. பின் இருக்கை முழுவதும் கற்கண்டு கொட்டினாற்போல் சில்லுகள் கிடந்தன. இருக்கையில் வைத்திருந்த தோல் பையைக் காணோம்.

பையில் பணம் அதிகமில்லை, இருந்ததும் போகட்டும். ஆனால் அதற்குள் ஒரு பழைய சீட்டு இருந்தது. மைத்துனர் மகள் நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மலைத்தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சான்றிதழ் எத்துணைக் கடினமானது என்பதைத் தேவிகுளம், பீர்மேடு வட்டத்து அன்பர்கள் நன்கறிவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள். அந்நாளுக்கு முன்பே தம் முன்னோர் இம்மண்ணில் குடியிருந்தனர் என்று காட்ட இயலாதவர், எத்தனை தலைமுறையாக இங்கே கொழுந்து பறித்திருந்தாலும், வேற்று மாநிலத்தினின்று வந்தவராகவே கருதப்படுவர். அவ்வாறு கருதப்படுவோருக்கு இங்கே படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு கிட்டாது. பட்டா இல்லாதவர்கள், எஸ்டேட்டு லயத்தில் பிறந்து லயத்திலேயே மறைந்தவர்கள், எந்தக் காகிதத்தைக் காட்டுவர்?

மைத்துனர் வீட்டில் அப்படி ஒரே ஒரு காகிதம் இருந்தது. அவருடைய பாட்டனார் பெயரும் செக்ரோல் எண்ணும் எழுதி, எஸ்டேட்டு முத்திரை குத்தி, 1947-ஆம் ஆண்டுத் தேதியிட்ட பற்றுச் சீட்டு அது. பெட்டியடியில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அந்தச் சீட்டைப் பாலக்காட்டில் விவரமறிந்த ஒருவரிடம் காட்டுவதற்காக நாமே கேட்டு வாங்கி வந்திருந்தோம். காட்டியும் ஆயிற்று, நகலும் எடுத்தாயிற்று. ஆயினும் விசாரணைக்கு வரும் அதிகாரி மூலத்தையே கேட்பார் என்று அவர் கூறியதனால், அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவே அன்று மலையேறினோம். பத்திரமாக என்று எழுதும்போது கை கூசுகிறது.

நாம் ரெயில்வேயில் பார்சல் குமாஸ்தா. ஒரு பெட்டி உடைந்தோ ஒரு மூட்டை கிழிந்தோ வந்து இறங்கினால், உரியவர் அதைத் தொடுமுன் நிறுத்தி, இருந்தபடியே பார்த்து, எடையிட்டு, குறைவைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஒப்படைப்பது எங்கள் வழக்கம். பொருளைப் பிரித்து அடுக்கிவிட்டு அப்புறம் வந்து நஷ்டஈடு கேட்பவர்களை எத்தனையோ முறை பொறுமையாகவும், சில வேளை பொறுமையின்றியும், திருப்பி அனுப்பியிருக்கிறோம். அத்தகைய நாம் அன்று செய்தது யாது? குழந்தைகள் காலில் குத்துமே என்ற பதற்றத்தில், பக்கத்துக் கடையில் துடைப்பம் வாங்கி இருக்கையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டோம். சில்லுகளை ஒரு சாக்கில் கட்டிச் சாலையோரத்தில் எறிந்துவிட்டோம். ஒரு படம்கூட எடுக்கவில்லை. சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது, புத்திதான் இல்லை.

முதலில் படம் எடுத்தல் வேண்டும். கதவு, இருக்கை, தரை, வண்டியின் எண் பலகை, பின்புலமாக அந்த இடம் யாவும் தெரிய எடுக்க வேண்டும். அதன் பிறகு சுற்றுமுற்றும் தேட வேண்டும். இத்தகைய திருடர் பணத்தையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு, தமக்குப் பயன்படாத பையையும் காகிதங்களையும் போகிற வழியிலேயே வீசிவிடுவது உண்டு. நாம் பள்ளத்தில் இறங்கித் தேடவில்லை. இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும் என்பதே நினைவாக இருந்தது.

பின்னர்ப் போலீஸ் நிலையம் சென்றோம். அருகில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். நமக்கு மலையாளம் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் ஓரளவு வரும். கையெழுத்தாக இருந்தால் வராது. நாம் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் விரைவாக எழுதினார். நாம் கையொப்பமிட்டோம். கொடுத்துவிட்டு, ஒரு பிரதியுடன் மைத்துனர் வீடு சேர்ந்தோம்.

அந்தப் பெண் பள்ளியில் மலையாளம் பயின்றவள். பிரதியை வாங்கி விளக்கடியில் படித்தவள், “மாமா, கண்ணாடியை உடைத்தார்கள் என்றுதானே சொன்னீர்கள்? இதைப் படிப்பவர் முகம் பார்க்கும் கண்ணாடி என்றுதான் எடுத்துக்கொள்வார். வெளியே பக்கவாட்டில் இருக்குமே, அது” என்றாள். நாம் விழித்தோம். மலையாளத்தில் கண்ணாடி என்றால் பெரும்பாலும் முகம் பார்ப்பதும் மூக்கில் மாட்டுவதுந்தான். சன்னலில் இருப்பதை அவர்கள் சில்லு என்பர். நமக்கோ சில்லு என்பது உடைந்த பிறகு கிடைப்பது! ஒரே வயிற்றில் பிறந்த இரு மொழிகள் ஒரு சொல்லைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தை மற்றொரு நாளாயிருந்தால் சிரித்து மகிழ்ந்திருப்போம்.

அவள் மேலும் படித்தாள். “பையில் கொஞ்சம் ரூபாயும் சில கடலாசுகளும் இருந்தன என்று இருக்கிறது. பூட்டனார் சீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, மாமா?” அதற்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. மைத்துனர் எழுந்து வெளித் திண்ணைக்குப் போய்விட்டார். குறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்திற்று.

எழுதிக் கொடுத்தவர் மீது பிழையில்லை. சொன்னதை எழுதினார். படிக்கத் தெரியாததில் கையொப்பமிட்டது நமது பிழை. அன்றிரவே தமிழில் நாமே ஒரு மனு எழுதினோம். எந்தக் கதவு, எந்தக் கண்ணாடி, எத்தனை மணிக்கு, எந்த வளைவில், பையின் நிறம், அதனுள் இருந்தவை, அந்தச் சீட்டின் அளவு, மடிப்பு, அதிலுள்ள பெயர், எண், ஆண்டு, முத்திரை என ஒன்று விடாமல் எழுதி, நகலையும் இணைத்து, திங்கட்கிழமை காலை மீண்டும் நிலையம் சென்றோம். தமிழில் எழுதியதை ஏற்பார்களோ என்ற ஐயம் நமக்கு இருந்தது. அங்கிருந்த அதிகாரி மறுப்பொன்றும் சொல்லாமல் வாங்கி, முன்னதுடன் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஐயம் நமக்கு வந்திருக்கவே கூடாது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, இம்மாநிலத்துத் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே வருதல் வேண்டும். 1956-இல் மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்ட பின் இப்பக்கம் நின்றுவிட்ட நம் போன்றோருக்குக் கிடைத்த உரிமை இது. பயன்படுத்தாதிருந்தால் பெட்டியடிச் சீட்டைப்போல மக்கிப் போகும்.

2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173-ஆம் பிரிவும் நாம் அறிந்திருக்க வேண்டுவது. பெருங்குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். கோபாலபுரத்துக்கும் சின்னாற்றுக்கும் இடையே தமிழ்நாட்டுப் பகுதியில் பையைப் பறிகொடுத்தவர், கேரள நிலையத்தில் சொன்னாலும் அங்கே பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாயால் சொன்னால் எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டல் வேண்டும். பதிவின் பிரதியை இலவசமாகக் கொடுத்தல் வேண்டும். மின்னஞ்சல் முதலியவற்றால் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் எழுதலாம். “படித்துக் காட்டுங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

செவ்வாயன்று பாலக்காடு திரும்பினோம். கதவின் திறப்பில் தடித்த பிளாஸ்டிக் தாளை உள்ளும் புறமுமாக மடித்து ஒட்டியிருந்தோம். பார்சல் ஒட்டும் பழுப்பு நாடாவைப் பெயிண்டின் மீது ஒட்டியது மற்றொரு பிழை. எடுக்கும்போது அது பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்தது. பெயிண்டர்கள் பயன்படுத்தும் காகித நாடாவே நல்லது. சின்னாற்றுக் காட்டில் கோடை மழை பிடித்துக்கொண்டது. தாள் படபடவென்று அடிக்க, இல்லாள் குடையை விரித்துக் கதவோரம் பிடித்தபடி வந்தாள்.

முன்புறத்துப் பெரிய கண்ணாடி கல் பட்டால் சிலந்தி வலைபோல் விரிசல் விட்டு அப்படியே நிற்கிறது. கதவுக் கண்ணாடி மட்டும் ஏன் ஒரே அடியில் கற்கண்டாய் உதிர்கிறது என்று பையன் வழியெல்லாம் கேட்டு வந்தான். இரண்டும் வெவ்வேறு வகை. முன்கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே பிசின் போன்ற ஒரு மெல்லிய தாளை வைத்து அழுத்திச் செய்யப்படுவது. பிரான்சு நாட்டு ரசாயன அறிஞர் எதுவார் பெனதிக்தஸ் என்பார் 1903-இல் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையைத் தவறவிட்டார். அது விரிசல் கண்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே முன்பு உலர்ந்துபோன ஒரு கரைசலின் படலம் ஒட்டியிருந்ததே காரணம். அதிலிருந்து பிறந்தது இக்கண்ணாடி.

கதவுக் கண்ணாடியோ ஒற்றைத் தகடு. 600 டிகிரி செண்டிகிரேடுக்கும் மேலாகச் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பாய்ச்சித் திடீரென ஆற்றுகிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் இறுகிச் சுருங்கும்போது மேற்பரப்பை இழுத்து நெருக்குகிறது. இந்த நெருக்கமே அதன் வலிமை. கையால் ஓங்கி அடித்தாலும் உடையாது. ஆனால் கூரிய கடினமான பொருள் ஒரு புள்ளியில் தைத்துவிட்டால், அடக்கி வைத்த இழுவிசை முழுதும் ஒரு கணத்தில் அவிழ்ந்து தகடு முழுவதும் பொடிப்பொடியாகிறது. நீண்ட கத்திபோன்ற துண்டுகள் விழாமையால் விபத்தில் கழுத்து அறுபடாது. வண்டிக்குள் அகப்பட்டோர் உடைத்து வெளியேறவும் இயலும். உள்ளிருப்பவர் உயிரைக் காக்கும் குணமே வெளியில் நிற்கும் திருடனுக்கும் வசதியாகிவிடுகிறது.

கண்ணாடி மாற்றிய கதைக்கு வருவோம். மூணாற்றிலிருந்தே நமது பழக்கமான பட்டறைக்குத் தொலைபேசியில் “பக்கக் கண்ணாடி போய்விட்டது, வாங்கி வையுங்கள்” என்று சொல்லியிருந்தோம். அந்தப் பெண் படித்துக் காட்டிய பிறகும் புத்தி வந்தபாடில்லை! புதன்கிழமை போய் நின்றால், மேஸ்திரி பளபளக்கும் புதிய பக்க மிரர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். “சில்லு என்று சொல்ல வேண்டாமா சார்?” என்று அவரே சிரித்தார். வண்டியின் பெயர், தயாரித்த ஆண்டு, இடமா வலமா, முன் கதவா பின் கதவா, ஏறி இறங்குவதா நிலையாகப் பதிந்ததா, நிறமில்லாததா பச்சை சாயல் உள்ளதா என எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்பினார். மாலையில் வந்துவிட்டது.

வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். கதவின் உட்பலகையைக் கழற்றினார். பெருக்கி எடுத்ததைக் காட்டிலும் இருமடங்கு சில்லு கதவின் வயிற்றுக்குள் கிடந்தது. உறிஞ்சும் இயந்திரத்தால் அதை இழுத்து, அடியில் நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார். இதைச் செய்யாமல் புதுக் கண்ணாடியை இறக்கினால், ரப்பர்ப் பள்ளத்தில் சிக்கிய துணுக்கு முதல் நாளே அதன் மேல் கோடு கிழித்துவிடும். துளை அடைபட்டிருந்தாலோ மழைநீர் தேங்கிக் கதவு துருவேறும். உடைந்த பின் சுற்றுக் கைப்பிடியையோ மின் பொத்தானையோ இயக்கிப் பார்க்கலாகாது என்றும் சொன்னார். ஏற்றி இறக்கும் பொறியின் பல்லில் சில்லு அகப்பட்டால் அதுவும் வீணாகும்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய கண்ணாடி மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டோம். கிடைக்கும், ஆனால் மூலையைப் பாருங்கள் என்றார். கண்ணாடியின் ஒரு மூலையில் செய்தவர் பெயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பொறித்திருக்கும், மற்றக் கதவுகளில் உள்ளதனோடு ஒப்பிட வேண்டும். முத்திரையில்லாத தகட்டை வெட்டிப் பொருத்தினால் அது கற்கண்டாய் உதிராது, கத்தியாய் விழும். புதியதே போட்டோம். கண்ணாடி 1,850 ரூபாய், கூலி 600.

உள்ளே இருப்பது தெரியாமல் கறுப்புத் தாள் ஒட்டலாமா என்றும் யோசித்தோம். 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு இத்தாள்களை அறவே தடுத்தது. 2021 ஏப்ரல் முதல் விதி மாறியது. தரச்சான்று பெற்ற தாள்களை வரம்புக்குள் ஒட்டலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் 2024-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் பக்கக் கண்ணாடி 50 சதவீத ஒளியையேனும் உள்ளே விட வேண்டும். 50 சதவீத வெளிச்சத்தில் ஒரு தோல் பை நன்றாகவே தெரியும். பின்பெட்டியில் வைத்துப் பூட்டுவதே வழி. அதையும் வண்டியை நிறுத்தும் இடத்தில் பலர் பார்க்கச் செய்யாமல், புறப்படுமுன்பே செய்துவிட வேண்டும். லைசென்ஸ், ஆர்.சி. முதலியவற்றை மின்னணு வடிவில் காட்டினாலே போதுமாதலின் அவற்றின் மூலத்தை வண்டியில் சுமக்கத் தேவையில்லை.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சிறிது. மூன்றாம் நபருக்கான கட்டாயப் பாலிசி மட்டும் வைத்திருப்போருக்கு இதில் ஒரு காசும் வராது. முழுப் பாலிசியில் திருட்டு, கலகம், வேண்டுமென்றே செய்த சேதம் யாவும் அடங்கும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பூசலின்போது குமுளி, கம்பம் எல்லையில் வண்டிகள் கல்லடி பட்ட நாட்களை நினைத்தால் அதன் அருமை விளங்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ரப்பருக்குப் பாதி கழியும். சிறு கார்களுக்கு முதல் 1,000 ரூபாயை நாமே ஏற்க வேண்டும். வண்டிக்குள்ளிருந்த பொருள்கள் இதில் அடங்கா.

நமது செலவு 2,450 ரூபாய். கோரினால் கிடைப்பது ஏறத்தாழ 1,450. கோரிவிட்டாலோ அடுத்த ஆண்டு நமக்கு வரவேண்டிய 2,000 ரூபாய்ச் சலுகை போய்விடும். ஆதலால் கோரவில்லை. பெரிய காருக்கோ முன்கண்ணாடிக்கோ கணக்கு வேறாகலாம். போட்டுப் பார்த்தே முடிவு செய்க.

வியாழக்கிழமை பிற்பகல் அலுவலகத்தில் இருக்கையில் மைத்துனரிடமிருந்து தொலைபேசி வந்தது. வளைவுக்குக் கீழே தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கச் சென்ற பெண்கள் புதரிடையே ஒரு தோல் பையைக் கண்டு நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். பையில் நமது முகவரியோ பெயரோ இல்லை. எஸ்டேட்டு முத்திரையிட்ட பழைய சீட்டைக் கண்டதும், அங்கிருந்தவர் நமது தமிழ் மனுவோடு இணைத்த நகலை எடுத்து ஒப்பிட்டு மைத்துனரை அழைத்திருக்கிறார். முதல் மனு மட்டும் இருந்திருந்தால் அது ‘சில கடலாசுகள்’.

மூன்று மழையில் நனைந்த சீட்டு நான்காய் மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் உலர்த்த வேண்டாமென்று எம் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பேணும் நண்பர் சொன்னார். அதன்படி மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, தாள்களை மாற்றி மாற்றி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பிரித்தார்கள். செக்ரோல் எண்ணின் கடைசி இலக்கம் கரைந்துவிட்டது. பாட்டனார் பெயரும் 1947-உம் இருக்கின்றன. முத்திரை பாதி தெரிகிறது. அந்த இலக்கத்துக்காக எஸ்டேட்டு அலுவலகப் பழைய பேரேட்டைப் பார்க்க மைத்துனர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. சீட்டு இப்போது அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. நாம் அதைக் கேட்கவுமில்லை, அவர் கொடுப்பதாகவுமில்லை.

காருக்கு மழையில் ஒன்றும் ஆகவில்லை. வளைவுகளில் திரும்பும்போது மட்டும் கதவுக்குள் ஏதோ ஒன்று கிலுகிலு என்று உருள்கிறது. மேஸ்திரியிடம் சொன்னோம், இன்னொரு முறை பலகையைக் கழற்ற வேண்டுமாம். அடுத்த லீவில் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.